தலைக்குள் ஊறும் பழைய ரத்தம்: எம்எம்ஏ எம்போலைசேஷன் பற்றி ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம்

சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'க்ரானிக் சப்ட்யூரல் ஹீமடோமா', அதாவது மூளையின் உறைக்குக் கீழே நாள்பட்டுத் தேங்கிய ரத்தம், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நியூரோ சர்ஜன் மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொரு டாக்டர், மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஒரு தமனியை அடைத்துவிடலாம், அதற்குப் பெயர் எம்எம்ஏ எம்போலைசேஷன் என்கிறார். நோயாளிக்கு வயது 75க்கு மேல், ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டில் எதற்குச் சம்மதிப்பது என்று குழம்பி நிற்கும் குடும்பத்துக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பிற்பாடு டாக்டர்கள் சொல்வது எல்லாம் தெளிவாகும். வயலில் தேங்கிய தண்ணீரை இறைப்பது ஒரு வேலை, தண்ணீர் வரும் மதகை அடைப்பது வேறொரு வேலை. ஆபரேஷன் இறைக்கிறது, எம்போலைசேஷன் மதகை அடைக்கிறது. சிலருக்கு முதலாவது போதும், சிலருக்கு இரண்டாவது போதும், பலருக்கு இரண்டும் தேவைப்படலாம்.

தலைக்குள் என்ன நடக்கிறது

மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி டியூரா என்ற தடித்த உறை இருக்கிறது. அதற்குக் கீழே அரக்னாய்டு என்ற மெல்லிய உறை, அதற்கும் கீழே மூளை. மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவுக்குப் போகும் சிறு சிரைகள், இந்த இரண்டு உறைகளுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கடந்து செல்கின்றன. வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்கும். அப்போது இந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கும். கட்டில் காலில் இடித்தது, பஸ் குலுங்கியபோது கம்பியில் மோதியது என்று மறந்தே போகக்கூடிய ஓர் அடியிலும் அவை கிழியலாம். அப்படிக் கசிந்த ரத்தம் டியூராவுக்குக் கீழே பரவுகிறது.

இது பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். ஆனால் சிலருக்கு, கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கிறது. புண் ஆறும்போது நடக்கும் அழற்சிதான் இது, ஆனால் தவறான இடத்தில் நடக்கிறது. அந்தச் சவ்வில் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் மிகப் பலவீனமானவை, ஓயாமல் கசிந்துகொண்டே இருப்பவை. அங்கே சேரும் திரவத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் பொருட்கள் அதிகம் என்பதால் கசிவு உறைந்து நிற்பதும் இல்லை. வாரக்கணக்கில் கருப்பும் பழுப்புமான திரவம் பெருகி மூளையை அழுத்துகிறது. ரத்தம் சேர்ந்து ஏறக்குறைய 3 வாரத்துக்கு மேலானால் அதை நாள்பட்டது என்கிறார்கள்.

ஜெர்மானிய நோயியல் மேதை விர்க்கோ 1857லேயே இதை டியூராவின் அழற்சி நோய் என்று விவரித்தார். 1914ல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் டிராட்டர், இது அடிபட்டுச் சிரை கிழிவதால் வருவது என்று வாதிட்டார். பல பத்தாண்டுகளுக்கு டிராட்டர் சொன்னதே நிலைத்தது. இன்றைய புரிதலில் இருவருக்கும் இடம் உண்டு: தொடக்கி வைப்பது சிரைக் கிழிசல், வளர்த்துவிடுவது அழற்சி.

சரி, அந்தச் சவ்வுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது? சவ்வின் வெளிப்பக்கம் டியூராவோடு ஒட்டியிருக்கிறது. டியூராவின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுப்பது நடு மெனிஞ்சியல் தமனி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டாக்டர்கள் 'எம்எம்ஏ' என்று சொல்வது இதைத்தான். கழுத்தில் இருக்கும் வெளிக் கரோட்டிட் தமனியின் கிளையிலிருந்து பிரிந்து, மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு சிறு துளை வழியாக உள்ளே போய், முன்கிளை பின்கிளை என்று இரண்டாகப் பிரிகிறது. பைக் விபத்தில் நெற்றிப்பொட்டில் அடிபட்டு, டியூராவுக்கு வெளியே சேர்ந்து சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும் எக்ஸ்ட்ராட்யூரல் ரத்தக்கட்டு வருகிறதே, அங்கே பெரும்பாலும் கிழிவதும் இதே தமனிதான்.

இந்தத் தமனி மூளைத் திசுவுக்கு ரத்தம் கொடுப்பதில்லை. உறைக்கும் எலும்புக்கும்தான் கொடுக்கிறது. அதனால்தான் அதன் கிளைகளை அடைத்தாலும் மூளை பட்டினி கிடப்பதில்லை. மொத்தச் சிகிச்சையும் இந்த ஒரு உடற்கூற்று உண்மையின் மேல்தான் நிற்கிறது.

படி 1: அவசரமா, அவகாசம் இருக்கிறதா?

எம்போலைசேஷன் மெதுவாகப் பலன் தரும் சிகிச்சை. குழாயை அடைத்த அன்றே அழுத்தம் குறையாது. சேர்ந்த ரத்தத்தை உடல் உறிஞ்சி முடிக்க வாரங்கள், பல சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே முதல் கேள்வி, நோயாளிக்கு அந்த அவகாசம் இருக்கிறதா என்பது.

எழுப்பினால் சரியாக விழிக்காமல் தூக்கத்திலேயே ஆழ்வது, கை கால் ஒரு பக்கம் வேகமாகச் செயலிழப்பது, வலிப்பு, அடங்காத வாந்தி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருப்பது, சில மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை மோசமாவது: இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழைத்து, நியூரோ சர்ஜரி வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். அங்கே முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் ஆபரேஷன்தான். தமனியை அடைப்பதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

அவசரம் இல்லாத நோயாளிகளின் கதை வேறு. தலைவலி, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வது, செருப்பு காலில் நிற்காமல் போவது, பேச்சு குழறுவது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்று மெல்ல மெல்ல வரும். ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் குழம்புவார். 'வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு' என்று வீட்டில் விட்டுவிடுவதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தாமதம். மறதி நோய் வருடக்கணக்கில் வளரும். சில வாரங்களில் ஒருவர் மாறிப்போனால் அது வேறு ஏதோ. கடந்த மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா, இடித்துக்கொண்டாரா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். அடிபட்ட நினைவே இல்லாதவர்கள் இந்த நோயாளிகளில் கணிசம்.

படி 2: ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்

மருந்து ஏற்றாத சாதாரண சிடி ஸ்கேனே போதும், சில நிமிடத்தில் முடியும். புதிய ரத்தம் அதில் வெள்ளையாகத் தெரியும், பழையது கருமையாகத் தெரியும். இடையில், இரண்டு மூன்று வாரக் கட்டத்தில், ரத்தமும் மூளையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். அதுவும் இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்திருந்தால் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பலாம். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ தெளிவாக்கும்.

டாக்டரிடம் நான்கு தகவல் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், மூளையின் நடுக்கோடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது, ஒரு பக்கமா இரு பக்கமா, உள்ளே சவ்வுத் தடுப்புகள் இருக்கின்றனவா. தடுப்புகள் பல இருந்தால், துளை போட்டு வடிக்கும்போது ஒரு அறை காலியாகி இன்னொரு அறை அப்படியே நிற்கும்.

நோயாளி இளையவராக இருந்தாலோ, எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி இருந்தாலோ, ஒரு கேள்வி கட்டாயம்: தண்டுவட நீர் எங்காவது கசிகிறதா? முதுகில் மயக்க ஊசி போட்ட பின் பிரசவித்த பெண்களுக்கும் சில நேரம் இப்படி வரும். அங்கே அடைக்க வேண்டியது முதுகில் உள்ள கசிவு. அதைக் கவனிக்காமல் தலையில் மட்டும் வேலை செய்தால் ரத்தம் திரும்பச் சேரும்.

படி 3: வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது

சிறிய அளவு, தொந்தரவே இல்லை என்றால் கவனித்துக்கொண்டே இருந்து மறு ஸ்கேன் எடுப்பது ஒரு நியாயமான வழி. மருந்துகளில், அடோர்வாஸ்டாடின் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைத்ததாகச் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு 2018ல் சொன்னது. நம் ஊரிலும் சில டாக்டர்கள் அதைத் தருகிறார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நீண்ட காலம் பழக்கத்தில் இருந்தது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020ல் வந்தபோது, ஸ்டீராய்டு எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 83.9 சதவீதம், எடுக்காதவர்களில் 90.3 சதவீதம். மறு ஆபரேஷன் குறைந்தது உண்மை. ஆனாலும் ஆள் மொத்தத்தில் நன்றாக இல்லை. இன்னும் அதை வழக்கமாக எழுதிக் கொடுப்பவரிடம் காரணம் கேட்பது தவறில்லை.

ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் மண்டையோட்டில் ஒன்றோ இரண்டோ சிறு துளை போட்டு, திரவத்தை வடித்து, உப்புநீரால் கழுவி, ஒன்றிரண்டு நாள் வடிகுழாய் வைப்பது. உள்ளூர் மயக்கத்திலேயே செய்ய முடியும். பலன் உடனே தெரியும். நேற்று வரை கை தூக்க முடியாதவர் இன்று காபி டம்ளரைத் தானே பிடிப்பதைப் பார்க்கலாம். வடிகுழாய் விஷயத்தில் 2009ல் கேம்பிரிட்ஜில் 215 பேரிடம் நடந்த ஆய்வு மிக முக்கியமானது. குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு ரத்தம் திரும்பியது. ஆக, வடிகுழாய் வைப்பீர்களா என்பதும் சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆபரேஷனின் பலவீனம் இந்தத் திரும்பிவருதல்தான். திரவத்தை எடுத்தாலும் சவ்வு அங்கேயே இருக்கிறது, அதன் கசியும் குழாய்களும் இருக்கின்றன. ஜப்பானிய மருத்துவர்கள் 2000ம் ஆண்டில், ஈரல் சுருக்கத்தால் ரத்தம் சரியாக உறையாத, திரும்பத் திரும்ப ரத்தம் சேர்ந்த ஒரு நோயாளிக்கு நடு மெனிஞ்சியல் தமனியை அடைத்து நிறுத்தியதை வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகெங்கும் சிறு சிறு தொகுப்புகளாக அனுபவம் சேர்ந்தது.

பெரிய ஆய்வுகள் 2024 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தன. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே எண்களை வைத்துத்தான் உங்களிடம் பேசுவார்கள். அமெரிக்காவில் நடந்த எம்போலைஸ் ஆய்வில் 400 பேர். ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு 90 நாளில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆபரேஷனோடு தமனியையும் அடைத்தவர்களில் அது 4.1 சதவீதம். ஸ்டெம் என்ற ஆய்வில் 310 பேர். 180 நாளில் சிகிச்சை தோல்வி, அடைத்தவர்களில் 16 சதவீதம், அடைக்காதவர்களில் 36 சதவீதம். இங்கே எண்கள் பெரிதாகத் தெரியக் காரணம், ஸ்கேனில் 10 மில்லிமீட்டருக்கு மேல் ரத்தம் மிஞ்சியிருந்தாலே தோல்வி என்று அவர்கள் கணக்கிட்டதும்தான். சீனாவின் மேஜிக்-எம்டி ஆய்வில் 722 பேர். அறிகுறியோடு ரத்தம் திரும்பியது, அடைத்தவர்களில் 6.7 சதவீதம், அடைக்காதவர்களில் 9.9 சதவீதம். வித்தியாசம் இருந்தாலும், தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் விலக்கவில்லை. 2025ல் வந்த பிரான்சின் எம்ப்ரொடெக்ட் ஆய்வும் கிட்டத்தட்ட இதே மாதிரி: அடைத்தவர்களில் 14.8 சதவீதம், அடைக்காதவர்களில் 21 சதவீதம், ஆனால் உறுதியான முடிவு இல்லை.

என் பார்வையில் இதன் சாரம் இப்படி. எல்லா ஆய்வும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆபரேஷனோடு சேர்த்து அடைத்தால் ரத்தம் திரும்பும் வாய்ப்பு குறைகிறது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. அதனால் உயிர் பிழைப்பது கூடியது என்றோ, நோயாளி இன்னும் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்றோ இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. ஆபரேஷனே இல்லாமல் அடைப்பது மட்டும் போதும் என்பதற்கான ஆதாரம் இன்னும் மெலிவு. 'கத்தியே படாமல் குணமாக்கிவிடலாம்' என்று யாராவது விளம்பரம்போலப் பேசினால் நிதானமாகக் கேளுங்கள்.

அப்படியென்றால் யாருக்கு இது நன்றாகப் பொருந்தும்? ஆபரேஷனுக்குப் பின்னும் ரத்தம் திரும்பியவர்கள் முதலிடம். ஸ்டென்ட், செயற்கை வால்வு, சீரற்ற இதயத் துடிப்பு காரணமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீண்ட நாள் நிறுத்த முடியாதவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஈரல் நோயால் பிளேட்லெட் குறைந்தவர்கள் அடுத்து. ஓரளவு ரத்தம் சேர்ந்து, லேசான தொந்தரவோடு, ஆனால் ஆபரேஷனைத் தாங்கும் உடல் இல்லாத முதியவர்களுக்கும் யோசிக்கலாம்.

படி 4: சம்மதம் சொல்லுமுன் கேட்க வேண்டியவை

இதைச் செய்பவர் நியூரோ இன்டர்வென்ஷனில், அதாவது ரத்தக்குழாய் வழியாகத் தலைக்குள் சிகிச்சை செய்வதில், பயிற்சி பெற்ற ரேடியாலஜிஸ்டாகவோ நியூரோ சர்ஜனாகவோ நியூராலஜிஸ்டாகவோ இருக்கலாம். பட்டத்தைவிட, இந்தத் தமனியில் அவருக்கு உள்ள பழக்கம் முக்கியம். கூச்சப்படாமல் கேளுங்கள்:

இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்?
இவருக்கு அடைப்பது மட்டுமா, ஆபரேஷனுமா? இரண்டும் என்றால் எது முதலில், எத்தனை நாள் இடைவெளியில்?
எந்தப் பொருளால் அடைப்பீர்கள், ஏன் அது?
கண்ணுக்கும் முகநரம்புக்கும் ஆபத்தான இணைப்பு (படி 6ல் விளக்கியிருக்கிறேன்) தெரிந்தால் என்ன செய்வீர்கள்?
அடைத்த பின் நிலைமை மோசமானால் இதே மருத்துவமனையில் இரவிலும் ஆபரேஷன் செய்ய ஆள் உண்டா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், நானாக இருந்தால் வேறு மருத்துவமனை தேடுவேன்.

செலவைப் பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். பில்லில் பெரிய தொகை டாக்டர் கட்டணமாக இருக்காது. மைக்ரோ கதீட்டர் என்ற மிக மெல்லிய குழாய், அதை வழிநடத்தும் மைக்ரோ வயர், அடைக்கும் திரவம் ஆகியவைதான் விலை கூடியவை. இரண்டு பக்கமும் செய்தால் சில பொருட்கள் இரட்டிப்பாகும். எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ தனியார் காப்பீடோ இருந்தால், இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு, அனுமதி வந்த பிறகு நாள் குறியுங்கள்.

படி 5: தயாராவது

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, இசிஜி ஆகியவை பார்ப்பார்கள். சிகிச்சையில் அயோடின் கலந்த மருந்து ரத்தக்குழாயில் ஏற்றப்படும். ஆகவே முன்பு ஆஞ்சியோகிராமிலோ சிடியிலோ அலர்ஜி வந்திருந்தால், அரிப்பு மட்டும்தான் என்றாலும் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின், அசிட்ரோம், ரிவரோக்ஸபன், அபிக்ஸபன், டாபிகாட்ரான்: இவற்றில் எது இருந்தாலும் மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள். 'தலையில் ரத்தம்' என்று கேட்டதும் பயந்து வீட்டிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவருக்கோ செயற்கை வால்வு உள்ளவருக்கோ அது மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் முடியலாம். நியூரோ டாக்டரும் இதய டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. அவர்களைப் பேசவைக்கும் வேலை பல நேரம் குடும்பத்தின் தலையில்தான் விழும். சங்கடமாக இருந்தாலும் செய்யுங்கள்.

பொதுவாக 6 மணி நேரம் உணவு கூடாது. பல்செட், காது மெஷின், நகை கழற்றிவிட வேண்டும். காது மெஷினை மட்டும் கையோடு வைத்திருந்து, முடிந்ததும் மாட்டிவிடுங்கள். கேட்காத முதியவரிடம் 'கையைத் தூக்குங்கள்' என்றால் தூக்கமாட்டார், புதிதாக ஏதோ ஆகிவிட்டதோ என்று வார்டே பதறும்.

படி 6: கேத் லேபில் நடப்பது

இதய ஆஞ்சியோ செய்யும் அறை மாதிரியேதான் இருக்கும். நோயாளி ஒத்துழைப்பவர் என்றால் லேசான மயக்கத்தில் செய்வார்கள். குழப்பத்தில் அசைபவர் என்றால் முழு மயக்கம். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, தமனிக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் ஒன்றை நுழைப்பார்கள். மகாதமனி வழியாக அது கழுத்துக் கரோட்டிட் வரை போகும். ரத்தக்குழாயின் உட்பக்கத்தில் உணர்ச்சி இல்லாததால் குழாய் போவது தெரியாது. மருந்து ஏற்றும்போது முகத்தில் சூடு பரவுவது மட்டும் தெரியும்.

முதலில் படம் எடுத்து, வரைபடம்போலப் பாதை பார்ப்பார்கள். இந்த நிமிடங்களை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். காரணம், எல்லா மனிதருக்கும் இந்தத் தமனி புத்தகத்தில் உள்ளபடி இருப்பதில்லை. சிலருக்குக் கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியே நடு மெனிஞ்சியல் தமனியிலிருந்து கிளம்பும். சிலருக்கு இரண்டுக்கும் நடுவே மெல்லிய இணைப்பு இருக்கும். அது தெரியாமல் அடைத்தால் பார்வை போகும். இன்னொரு கிளை, மண்டையோட்டுத் துளையைத் தாண்டியதும் பிரிந்து, முகத்தை அசைக்கும் நரம்புக்கு ரத்தம் கொடுக்கிறது. அது அடைபட்டால் முகம் ஒரு பக்கம் கோணும். நல்ல கை உள்ள டாக்டர் இந்த இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். இணைப்பு தெரிந்தால் அதைத் தாண்டித் தூரமாகப் போய் அடைப்பார், அல்லது அந்தக் கிளையை விட்டுவிடுவார், அல்லது இவருக்கு இது வேண்டாம் என்று வெளியே வந்துவிடுவார். அப்படி வெளியே வந்துவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த டாக்டர் உங்களவரின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்.

பாதை பாதுகாப்பானது என்றால், பெரிய குழாய்க்குள்ளாக நூல் போன்ற மைக்ரோ கதீட்டரை அனுப்பி முன்கிளைக்கும் பின்கிளைக்கும் கொண்டுபோவார்கள். அடைக்கும் பொருளில் மூன்று வகை உண்டு. முதலாவது பிவிஏ எனப்படும் நுண் துகள்கள். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும், ரத்த ஓட்டத்தோடு போய்ச் சவ்வுக்கு அருகில் தேங்கும். விலை குறைவு, வலி இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் துகள் தெரியாது, அதோடு குழாய் பின்னால் திறந்துகொள்ளவும் கூடும். இரண்டாவது ஓனிக்ஸ், ஸ்குவிட் போன்ற திரவங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் பாலிமரும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக டான்டலம் உலோகத் தூளும் கலந்திருக்கும். ரத்தத்தைத் தொட்டதும் இறுகும். எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்த்தபடியே செலுத்தலாம், அடைப்பும் நிலைக்கும். எம்போலைஸ் ஆய்வில் ஓனிக்ஸும் ஸ்டெம்மில் ஸ்குவிட்டும்தான் பயன்பட்டன. மூன்றாவது என்பிசிஏ என்ற பசை. சில நேரம் முடிவில் சிறு சுருள் கம்பியும் வைப்பார்கள்.

திரவம் போகும்போது நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கலாம், நாடித் துடிப்பு திடீரென்று குறையவும் கூடும். டியூராவின் நரம்பு தூண்டப்படுவதால் வருவது இது. முன்னதாகவே குழாய் வழியாக லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் மருந்தைக் கொடுப்பதும், மயக்க மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பதும் இதற்காகத்தான். கடைசியாக மறுபடி படம் எடுத்து, கிளைகள் அடைபட்டதையும் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் குழாய்கள் திறந்திருப்பதையும் உறுதிசெய்து குழாயை எடுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம்.

ஆபத்து எவ்வளவு? எம்போலைஸ் ஆய்வில் அடைக்கும் சிகிச்சையோடு தொடர்புள்ள தீவிரப் பாதிப்பு 2 சதவீதம், அதாவது 4 பேர். அவர்களில் 2 பேருக்கு முடக்கும் பக்கவாதம். இது சின்ன எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. பார்வை இழப்பு, முகவாதம், குழாய் நுழைத்த இடத்தில் ரத்தக்கட்டு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் சம்மதப் படிவத்தில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: வார்டிலும் வீட்டிலும்

மணிக்கட்டு வழி என்றால் சில மணி நேரம் இறுக்கப் பட்டை போட்டிருப்பார்கள், நோயாளி உட்காரலாம், சாப்பிடலாம். தொடை வழி என்றால் 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். முதுகுவலிக்காரருக்கு இது பெரிய கஷ்டம், முடிந்தால் மணிக்கட்டு வழியைக் கேளுங்கள். அன்று இரவு நர்ஸ் அடிக்கடி எழுப்பிப் பேர் கேட்பார், கண்ணில் டார்ச் அடிப்பார், கை கால் அசைக்கச் சொல்வார். தூக்கம் கெடுகிறதே என்று தடுக்காதீர்கள்.

ஓனிக்ஸ் வகைத் திரவம் போட்டவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஒன்றிரண்டு நாள் பூண்டு வாசனை வரும். டிஎம்எஸ்ஓ வெளியேறும் வழி அது, பயப்பட ஒன்றும் இல்லை. லேசான தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

இன்னொன்று. மறுநாள் சிடி எடுத்தால், ஏற்றிய அயோடின் மருந்து சவ்வில் ஊறி வெள்ளையாகத் தெரியலாம். விவரம் தெரியாதவர் அதைப் புது ரத்தம் என்று படிக்க வாய்ப்புண்டு. அடைத்த பொருளும் பிற்பாடு ஒவ்வொரு ஸ்கேனிலும் பளிச்சென்று தெரியும். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தத் தேதியில், எந்தப் பக்கம், எந்தப் பொருளால் அடைத்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் எல்லாரிடமும் பகிர்ந்து வையுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் பொதுவாகத் தடை இல்லை, ஆனால் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வேறு நோய் இல்லையென்றால், அடைப்பது மட்டும் செய்தவர் ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பலாம். முதல் சில நாள் பாரம் தூக்கக் கூடாது, குழாய் போட்ட இடத்தில் வீக்கமோ ரத்தமோ வந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். படி 1ல் சொன்ன ஆபத்து அறிகுறிகளோடு, திடீர்ப் பார்வை மங்கல், முகம் கோணுதல், பேச்சு நிற்பது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

படி 8: காத்திருப்பும் மறு ஸ்கேனும்

முதல் மறு ஸ்கேனில் ரத்தம் அப்படியே இருக்கிறதே என்று மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. அடைத்தது வேலை செய்யவில்லை என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். ஊறுவது நின்ற பின், இருப்பதை உடல் மெதுவாக உறிஞ்ச வேண்டும். சில வாரங்களில் ஒன்று, பிறகு 3 மாதம், 6 மாதம் என்று ஸ்கேன் எடுப்பது பரவலான வழக்கம். நாள் உங்கள் டாக்டர் சொல்வதுதான். தடிமன் எண்ணை ஒவ்வொரு முறையும் அதே நோட்டில் எழுதிவாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் வேகம் குறைவாக இருந்தாலும் சரிதான். ஏறினாலோ, எண் எப்படி இருந்தாலும் ஆள் மோசமானாலோ, ஆபரேஷன் பேச்சு மறுபடி தொடங்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். செயற்கை வால்வுக்காரருக்குச் சீக்கிரம், வெறும் முன்னெச்சரிக்கைக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டவருக்கு ஒருவேளை இனி தேவையே இல்லை. டிஸ்சார்ஜ் அன்றே தேதியோடு எழுதி வாங்குங்கள். 'பிறகு சொல்கிறோம்' என்று விட்டுவிட்டு, இரண்டு டாக்டரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமலே போவது நடக்கக்கூடியது.

இதற்கிடையில் அவர் மறுபடி விழக் கூடாது. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, கண்ணாடியின் பவர் சரிபார்ப்பு, எழுந்ததும் தலை சுற்றவைக்கும் பிரஷர் மாத்திரையின் அளவை மறுபரிசீலனை செய்வது என்று எல்லாவற்றையும் அவர் வீடு திரும்புமுன் முடித்துவிடுங்கள். மது பழக்கம் இருந்தால் அதை நிறுத்த உதவி கேளுங்கள். நடைப் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சில வாரம் வந்தால்கூட நடையில் நம்பிக்கை திரும்பும். வண்டி ஓட்டுவதை, ஸ்கேனும் வலிப்பு நிலவரமும் பார்த்து டாக்டர் அனுமதிக்கும்வரை ஒத்திப்போடுங்கள்.